புகையடுப்புக்கு வந்த இரண்டு கருவிகள்

இதை முன்பின்னாகச் சொல்லிக் கெடுத்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. இருந்தாலும் நடந்தபடியே சொல்கிறேன்.

கொடைக்கானலில் ஒரு விடுதி. அங்கே கரிப்புகையில் கோழி வாட்டும் பெரிய இரும்பு அடுப்பு சவரியம்மாவின் பொறுப்பு. சூட்டை அளந்து, தானே காற்று ஊதிச் சரிசெய்யும் மின்கருவி அதற்குத் தேவைப்பட்டது. மேனேஜர் தணிகாசலம் இரண்டைக் கொண்டுவந்தார். ஒன்று சின்னது. மற்றது போனிலேயே சூட்டைக் காட்டும் பெரியது. அது அவர் மச்சான் கடைச் சரக்கு.

"மத்தியானத்துக்குள்ள நீயே ஒண்ணைத் தேர்ந்தெடு. அப்புறம் கறி கெட்டா உன் வேலை போயிடும்," என்றார்.

பெரியதை எடுத்தால் கறி கெடுமோ, சின்னதை எடுத்தால் மேனேஜர் முகம் கெடுமோ என்று சவரியம்மா இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எனக்கு என்ன சார் தெரியும்? ரெண்டையும் மாட்டிடறேன். முதலாளியம்மாகிட்ட நீங்களே காட்டுங்க," என்றாள்.

முதலாளியம்மா வந்தார். அடுப்புக்குப் பின்பக்கம் புகை எழுவதைப் பார்த்ததும் மேனேஜர் போனை நீட்டினார்.

"பாருங்கம்மா, நூத்திப்பத்து டிகிரி! கொஞ்சமாவது அசையுதா? அந்தச் சின்னது இருபது காட்டுது, ஓட்டை டப்பா!"

"சார், கரியை வெளியே சட்டியில மூட்டி, கனிஞ்ச பிறகுதான் அடுப்புல கொட்டுவேன். புகையிறது சட்டி. அடுப்புல இன்னும் தீயே இல்லை."

முதலாளியம்மா அடுப்புக்குள் கையை விட்டார்.

"ஜில்லுனு இருக்கே தணிகாசலம்! உங்க மச்சான் கருவி தீயில்லாமலே கறி வாட்டும்போல."

சின்னதையே வாங்கச் சொல்லிவிட்டார். எதற்கும் இருக்கட்டும் என்று சவரியம்மா, அதன் பெட்டிமேல் முதலாளியம்மாவிடமே ஒரு கையெழுத்து வாங்கி வைத்துக்கொண்டாள்.