மணல் புட்டி

பாலாற்றங்கரையில் ஒரு மண் ஆய்வுக்கூடம் இருந்தது. அங்கே ஆசிரியைக்கு வயது நாற்பத்தொன்று. மாணவருக்கு ஐம்பத்து நான்கு.

மாணவர் பெயர் ஜெயசீலன். தோல் தொழிற்சாலை ஒன்றில் இருபத்து நான்கு வருடம் கெமிஸ்டாக இருந்தவர். தோலை டிரம்மில் போட்டு, குரோமிய உப்பைக் கலந்து, நீலமாக வெளியே எடுப்பது அவர் பிரிவு. அந்தக் கழிவுநீர் எந்த வாய்க்காலில் இறங்கி யார் வயலுக்குப் போனது என்று அப்போது அவர் கேட்டதில்லை. தொழிற்சாலை மூடிய பிறகு அவருக்கு வேறு நினைப்பே இல்லை. மூன்று வருடமாகியும் நகக்கண்ணில் நீலம் ஒட்டியிருப்பதாக ஓர் எண்ணம். சாப்பிட உட்காரும் முன் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவார். "போதும், தோல் உரிஞ்சு வந்துடப் போவுது" என்பார் மனைவி.

மண்ணைப் பற்றி ஆராய வேண்டும் என்று ஏழு பேராசிரியர்களிடம் போனார். ஏழு பேரும் வயதைப் பார்த்தார்கள். அவர் விண்ணப்பத்தின் முதல் வரி, 'அந்தத் தண்ணீரை வாய்க்காலில் விட்டவர்களில் நானும் ஒருவன்' என்றிருந்தது. அதை எடுத்துவிடும்படி நல்ல மனதோடு சொன்னவர்களும் உண்டு. அவர் எடுக்கவில்லை.

எட்டாவது ஆள் மரகதவல்லி. முதல் வரியை இரண்டு முறை படித்தார். "திங்கட்கிழமை வந்துடுங்க" என்றார்.

"எத்தனையோ சின்ன வயசுக்காரங்க இருக்காங்களே மேடம், என்னை ஏன் சேர்த்தீங்க?" என்று திங்கட்கிழமையே கேட்டார் ஜெயசீலன்.

ஆசிரியை அலமாரியைத் திறந்தார். ஒரு சிறிய பிளாஸ்டிக் புட்டியை எடுத்துக் கொடுத்தார். உள்ளே அமிலத்தில் கழுவிக் காய வைத்த வெள்ளை மணல்.

"எந்த நிலத்துக்குப் போனாலும் இதையும் கூட்டிட்டுப் போங்க. ஆகரை முதல்ல இந்த மணல்ல சுத்துங்க, அப்புறம் மண்ணுல இறக்குங்க. இங்க வந்ததும் மண்ணுக்கு என்னென்ன செய்றோமோ அத்தனையும் மணலுக்கும் செய்யணும்."

ஆகர் என்பது மண்ணைத் துளைத்து எடுக்கும் இரும்புத் திருகு.

"இந்த மணல்ல ஒண்ணும் இருக்காதே மேடம்?"

"இருக்காது. அதனாலதான்."

ஆய்வுக்கூடத்துப் பிள்ளைகள் அந்தப் புட்டிக்கு உற்சவர் என்று பெயர் வைத்திருந்தார்கள். ஊரெல்லாம் சுற்றிவிட்டுச் சும்மா திரும்பி வருகிறதாம். ஜெயசீலனும் சிரித்துக்கொண்டே பதினோரு மாதம் உற்சவரைச் சுமந்தார். ஒரு முறைகூட அதில் எதுவும் வந்ததில்லை.

அந்த ஆடியில் பூங்காவனம் என்கிற பெண் தானாகவே ஆய்வுக்கூடத்தைத் தேடி வந்தாள்.

"எழுபது சென்ட்டுதான் சார் நெலம். நான் போடுற கீரையத்தான் இஸ்கூல்ல புள்ளைங்க துன்னுதுங்க. மண்ணு கெட்டுப்போச்சுன்னா கெட்டுப்போச்சுன்னு சொல்லிடு சார். வெள்ளிக்கெழம வெதை போடணும். வாணாம்னா நிறுத்திக்கிறேன்."

"நிறுத்திட்டு?"

"கூலிக்குப் போவேன். வேற இன்னா?"

செவ்வாய்க்கிழமை ஜெயசீலன் போனார். நிலத்தைப் பார்த்ததும் வரப்பிலேயே நின்றுவிட்டார். அவருடைய தொழிற்சாலையின் பழைய வாய்க்கால் ஆற்றுப்பக்க வரப்பை ஒட்டியே போயிருந்தது.

பூங்காவனத்துக்கு அதெல்லாம் தோன்றவில்லை. மண்ணைப் பார்க்க ஓர் ஆள் வந்துவிட்டாரே என்கிற சந்தோஷம் அவளுக்கு. பூமியில் இரும்பு படும் முன் ஆகரை வாங்கி, கடையில் வாங்கிய பாக்கெட்டைப் பிரித்து மஞ்சளைக் குழைத்து மேலிருந்து கீழ்வரை பூசினாள். கற்பூரம் காட்டினாள். கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அவள் எதிரிலேயே அதைக் கழுவ ஜெயசீலனுக்கு மனம் வரவில்லை. துணியால் துடைத்தார். மணலில் சுற்றினார். வீட்டுப் பக்கம் தொடங்கி ஆற்றுப் பக்கம் வரை ஆறு குழி போட்டார்.

புதன்கிழமை முடிவு வந்தது. குரோமியம், வரம்பைப் போல மூன்று மடங்கு.

தாளை எடுத்துக்கொண்டு ஆசிரியையிடம் போனார்.

"இப்பவே போய்ச் சொல்லிடுறேன் மேடம். எங்க தண்ணிதான். அந்தம்மா கீரையில நான்தான் கலந்திருக்கேன்."

ஆசிரியை தாளை வாங்கிப் பார்த்தார்.

"எந்தக் குழியில அதிகம்?"

"முதல் குழி. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா குறையுது."

"முதல் குழி எங்க?"

"வீட்டுப் பக்கம்."

"வாய்க்கால்?"

ஜெயசீலன் தாளைத் திரும்ப வாங்கிப் பார்த்தார். வாய்க்காலை நெருங்க நெருங்க ஏற வேண்டிய எண் இறங்கிக்கொண்டே போயிருந்தது. இருபத்து நான்கு வருட கெமிஸ்டின் கண்ணில் அது படவில்லை.

"புட்டி எங்க?"

"வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லணுமேன்னு அவசரம் மேடம். அதுல எப்பவும் ஒண்ணும் வராதேன்னு இந்தத் தடவை போடல."

ஆசிரியை திட்டியிருக்கலாம். திட்டவில்லை. தானே உட்கார்ந்து மணலை நிறுத்தார், அமிலம் ஊற்றினார், சூடேற்றினார், வடிகட்டினார். ஜெயசீலன் பக்கத்தில் கைகட்டி நின்றார். மதியச் சாப்பாட்டை இருவருமே மறந்துபோனார்கள்.

கருவி எண்ணைக் காட்டியது. ஒன்றுமில்லாத மணலில், மண்ணில் இருந்ததைவிட அதிகக் குரோமியம்.

ஜெயசீலன் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"மஞ்சள் மேடம். ஆகருக்கு மஞ்சள் பூசினாங்க. துடைச்சா போதும்னு விட்டுட்டேன். குழிக்குக் குழி அது உதிர்ந்துதான் எண் குறைஞ்சிருக்கு."

"நாளைக்குக் காலையில திரும்பப் போங்க. அந்த மஞ்சள்லயும் கொஞ்சம் வாங்கிட்டு வாங்க."

வியாழன் காலை பூங்காவனத்தின் எதிரிலேயே ஆகரைத் தேய்த்துக் கழுவினார். ஏன் என்றும் சொன்னார். அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். பிறகு சிரித்துவிட்டாள்.

"அய்ய, சாமி கும்புட்டு நானே எம் மண்ணு மேல பழி போட்டுட்டேனா?"

ஆறு குழியும் மறுபடி போட்டு, இரவோடு இரவாக மண், மணல், மஞ்சள் மூன்றையும் சோதித்தார்; இந்த முறை மணலில் ஒன்றும் வரவில்லை. வெள்ளிக்கிழமை விடிந்ததும் மூன்றாவது முறையாகப் போனார். அவள் விதைக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு வரப்பிலேயே நின்றிருந்தாள்.

"அஞ்சு குழி நல்லா இருக்கும்மா. தாராளமா விதைங்க. வாய்க்கால் ஓரத்துல ஆறாவது குழியில மட்டும் கொஞ்சம் இருக்கு. அந்த ஓரத்துல கீரை வேணாம், கனகாம்பரம் போடுங்க. அப்புறம் அந்த மஞ்சள் பாக்கெட்டைக் கையாலயும் தொடாதீங்க. நிறத்துக்காக ஈயமும் குரோமியமும் சேர்ந்த சாயத்தைக் கலந்திருக்காங்க."

பூங்காவனம் கூடையைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டாள். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

"கும்பிடாதீங்கம்மா. அந்த ஆறாவது குழியில இருக்கிறது, நான் வேலை பார்த்த இடத்துத் தண்ணி."

"தெரியும் சார். எங்க வூட்டுக்காரு அங்கதான் லோடு ஏத்திகினு இருந்தாரு. அந்தக் கூலியிலதான் இந்த நெலமே வாங்கனோம்."

சொல்லிவிட்டு வீட்டோரப் பாத்தியில் குனிந்தாள். இரண்டு கட்டு அரைக்கீரையைப் பறித்து அவர் பையில் திணித்தாள். வேண்டாம் என்று சொல்ல அவருக்கு இடமே கொடுக்கவில்லை.

ஆய்வுக்கூடத்தில் ஜெயசீலன் கீரையை மேசைமேல் வைத்தார். கட்டிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"எல்லாம் தெரிஞ்சும் கொடுக்குறாங்க மேடம். இதை நான் எந்தக் கையால வாங்குறது?"

"வாங்கிட்டுத்தானே வந்திருக்கீங்க" என்று ஆசிரியை ஒரு கட்டை எடுத்துத் தன் பையில் வைத்துக்கொண்டார்.

ஜெயசீலனுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

"நீங்க இல்லேன்னா புதன்கிழமையே அவங்க பிழைப்பைக் கெடுத்திருப்பேன். ரொம்ப நன்றி மேடம். ஏழு பேர் வேணாம்னு சொன்ன ஆள் நான். ஏன் சேர்த்தீங்கன்னு அன்னிக்குக் கேட்டேன். நீங்க இன்னும் சொல்லல."

ஆசிரியை எழுந்துபோய் ஒரு புதுப் புட்டியில் மணலை நிரப்பினார். மூடியைத் திருகினார். அவர் கையில் கொடுத்தார்.

"வந்த விண்ணப்பம் எல்லாம் மண்ணுல என்ன இருக்குன்னு ஆரம்பிச்சுது. உங்களது ஒண்ணுதான் கையில என்ன இருக்குன்னு ஆரம்பிச்சுது" என்றார்.