கருப்பட்டி வாய் திறந்தது

மலையடிவாரக் காட்டில், ஒரு சுனைக்கரையில் சடையாயி என்ற தாய்க் கரடி வாழ்ந்து வந்தது. அதற்கு ஒரே பிள்ளை. பெயர் கருப்பட்டி. நிறமும் அப்படித்தான், பேச்சும் அப்படித்தான். ஆனால் வேப்பங்குச்சியைக் கண்டுவிட்டால் மட்டும் அந்த இனிப்பெல்லாம் எங்கே போகுமோ!

"வாயைத் திற கண்ணு, பல்லு விளக்கணும்!"

"மாட்டேன்! குச்சி கூசுது! கசக்குது! காதுக்குள்ள கரகரன்னு கேக்குது!"

அவ்வளவுதான், புதருக்குள் ஓடிவிடும்.

கருப்பட்டிக்கு உடம்பெல்லாம் கூச்சம். ஈரப் புல்லின் நுனி காலில் உரசினால் துள்ளிக் குதிக்கும். ஒரு சருகு பறந்து வந்து முதுகில் விழுந்தால் ஊரைக் கூட்டும். தேன் வேண்டும், இலுப்பைப் பூ வேண்டும், பல் மட்டும் விளக்க முடியாது. கடைவாய்ப் பல் ஒன்றில் கருப்பாக ஒரு புள்ளியே விழுந்துவிட்டது. கரடிக்குப் பல் போனால் என்ன மிச்சம்? சடையாயிக்கு அதே கவலை.

இதையெல்லாம் மரத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தது வாலாண்டி என்ற குரங்கு. யாரும் கேட்காமலே வைத்தியம் சொல்வதுதான் அதற்குப் பொழுதுபோக்கு.

"சடையாயி அக்கா! ஆலும் வேலும் பல்லுக்குறுதின்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க? உன் பிள்ளைக்கு அடம். வேற ஒண்ணுமில்ல. நாலு பேரு பிடிச்சு அமுக்கினா வாய் தானாத் திறக்கும்!"

"பாவம்டா, அவன் பயப்படுறான்."

"அப்படீன்னா மயிலிறகு! மெத்துமெத்துன்னு இருக்கும். தேன் தர்றேன்னு சொல்லிக் கண்ணை மூடச் சொல்லு. மீதியை நான் பாத்துக்கறேன்!"

சடையாயி தயங்கியது. ஆனால் ஒருவர் அடித்துப் பேசினால் நமக்கு நம் பிள்ளைமேலேயே சந்தேகம் வந்துவிடுகிறதல்லவா? கரடிக்கும் அப்படித்தான். சரி என்று தலையாட்டிவிட்டது.

மறுநாள் காலை சடையாயி பிள்ளையை மரத்தடிக்குக் கூப்பிட்டது.

"கருப்பட்டி! கண்ணை மூடிக்கிட்டு வாயைத் திற. தேன் தர்றேன்!"

கருப்பட்டி ஆசையோடு ஆவென்று வாயைத் திறந்தது. கிளையில் தலைகீழாகத் தொங்கிய வாலாண்டி மயிலிறகை உள்ளே விட்டு ஈறில் மெல்லத் தடவியது.

"வீல்!"

உச்சிமுதல் உள்ளங்கால்வரை அத்தனை மயிரும் சிலிர்த்துக்கொண்டது. கருப்பட்டி கையை வீசிய வீச்சில் வாலாண்டி சுனைக்குள் தொபுக்கடீர் என்று விழுந்தது. மயிலிறகு மட்டும் ஒய்யாரமாகத் தண்ணீரில் மிதந்தது.

இதுவரை சிரிக்கலாம். பிறகு நடந்தது சிரிக்கிற விஷயமில்லை. சடையாயி நிஜமாகவே ஒரு தேனடையைக் கொண்டுவந்து நீட்டியது.

"பொய்!" என்று கருப்பட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டது.

பலாச்சுளை கொடுத்தது. அதற்கும் "பொய்!" அன்று முழுக்க அம்மாவின் கையிலிருந்து அது எதையும் வாங்கித் தின்னவில்லை. "பல்லைக் காப்பாத்தப் போயி பிள்ளையைத் தொலைச்சிட்டேனே!" என்று சடையாயி நொந்துபோயிற்று.

சொட்டச் சொட்ட நனைந்த வாலோடு வாலாண்டி வந்தது. "அக்கா, இன்னொரு யோசனை..."

"நீ போயி உன் வாலைக் காயவை!" என்றது சடையாயி.

கருப்பட்டி இரண்டு பாறைகளுக்கு நடுவே நெருக்கியடித்துப் படுத்திருந்தது. சடையாயி பக்கத்தில் போய் உட்கார்ந்தது.

"உன்னை ஏமாத்தினது என் தப்பு, சாமி. இனிமே சொல்லாம உன் வாயில எதையும் வைக்க மாட்டேன்."

கருப்பட்டி பாறையோடு இன்னும் ஒட்டிக்கொண்டது.

"நானும் இன்னிக்கு இன்னும் பல்லு விளக்கலை. நீ விளக்கிவிடறியா? எப்படி வேணும்னாலும் விளக்கு."

கருப்பட்டியின் கண் விரிந்தது. அம்மாவுக்கே விளக்குவதா! எழுந்து வந்தது. வேப்பங்குச்சியை முகர்ந்து பார்த்துத் தூர எறிந்தது. ஆலம் விழுதில் ஒரு துண்டு ஒடித்து, நுனியை மென்று பஞ்சாக்கியது. முதலில் அம்மாவின் இரண்டு தாடைகளையும் உள்ளங்கைகளால் அழுத்திப் பிடித்தது. "இப்ப உள்ள வருது!" என்று சொல்லிவிட்டுக் குச்சியை ஈறில் வைத்து ஓங்கி அழுத்தியது.

"அம்மாடி! ஏண்டா இந்த அழுத்து அழுத்துற?"

"லேசாத் தொட்டாத்தாம்மா கூசும்! அழுத்தினா கூசாது!"

சடையாயிக்குப் பொறி தட்டியது. சருகுக்கு அழுகிற பிள்ளை பாறை இடுக்கில் சுகமாகப் படுக்கிறதே! மெதுவாக, மெதுவாக என்று தொட்டதுதான் இத்தனை நாளும் அதைப் பாடாய்ப்படுத்தியிருக்கிறது. கண்ணெதிரே இருந்தும் தெரியவில்லையே!

"இப்ப நான் உனக்கு விளக்கட்டுமா?"

"நான் போதும்னு சொன்னா?"

"அப்பவே எடுத்துடறேன்."

கருப்பட்டி யோசித்தது. பிறகு உட்கார்ந்தது. சடையாயி முதலில் தாடையைப் பதமாக அழுத்தியது. அடுத்து உதட்டை. "இப்ப குச்சி வருது" என்று சொல்லியே உள்ளே வைத்தது. ஈறும் பல்லும் சேருமிடத்தில் சின்னச் சின்ன வட்டமாக, குத்தாமல், கீறாமல், நன்றாகப் பதிய விளக்கியது. கரகர சத்தம் கேட்காமலிருக்கத் தொண்டைக்குள் "உம் உம்" என்று ஒரு பாட்டும் பாடியது. பாட்டு முடிந்தால் முன்பல் முடிந்தது. அடுத்த பாட்டு கடைவாய்க்கு.

நடுப்பாட்டில் கருப்பட்டி கையைத் தூக்கியது. "போதும்!"

சடையாயி சட்டென்று குச்சியை வெளியே எடுத்துவிட்டது. கடைவாயில் அந்தக் கருப்புப் பல் இன்னும் பாக்கிதான். ஆனாலும் எடுத்துவிட்டது.

கருப்பட்டி குச்சியைப் பார்த்தது. அம்மாவைப் பார்த்தது. நிஜமாகவே எடுத்துவிட்டாள்!

"மீதிப் பாட்டையும் பாடும்மா" என்று சொல்லி, முன்னைவிடப் பெரிதாக வாயைத் திறந்தது.

சடையாயிக்குச் சந்தோஷத்தில் பாட்டே சரியாக வரவில்லை. கருப்பட்டியே கூடச் சேர்ந்து "உம் உம்" என்று எடுத்துக்கொடுத்தது. விளக்கி முடிந்ததும் அம்மாவின் கையிலிருந்தே தேனடையைப் பிடுங்கித் தின்றது. தின்றுவிட்டு, திரும்ப விளக்கவேண்டும் என்று அதுவே வந்து நின்றது!

பிள்ளையின் கூச்சம் என்னவென்று பிள்ளையிடமே கேட்டு நடப்பவருக்குத்தான் அதன் வாயும் திறக்கும், மனமும் திறக்கும்.