கேட்காத கடன்

கரும்பாறைக் கோட்டையின் பெரிய கதவு பொழுது சாய்ந்தால் மூடிவிடும். அதற்குப் பிறகு யார் வந்தாலும், ராஜாவின் மைத்துனனே வந்தாலும், அந்தக் கதவிலேயே இருக்கும் சின்னத் திட்டிவாசல் வழியாகக் குனிந்துதான் நுழைய வேண்டும். அதன் சாவிக்காரன் சரியில்லை என்றால் அத்தனை உயர மதிலும் தண்டம்.

பழைய சாவிக்காரர் காலமானதும் சடையாண்டி போய் அந்த வேலையைக் கேட்டார். “உலகம்மை சரி என்று சொல்லட்டும், தருகிறேன்” என்றார் கோட்டைத் தலைவர்.

கோட்டைக்கு வெளியே பாறைச் சரிவில் சின்ன மடம் வைத்திருந்தவர் உலகம்மை. சடையாண்டி அவருடைய சீடர்தான். ஆனால் குருவைவிடச் சீடருக்குப் பத்து வயசு கூட. அதனால் இவர் ‘அம்மா’ என்பார், அந்த அம்மா இவரை ‘அண்ணே’ என்பார்.

மொச்சை உரித்துக்கொண்டே உலகம்மை கேட்டார். “உங்ககிட்ட என்ன குறைண்ணே?”

சடையாண்டி தலையைச் சொறிந்தார். “களஞ்சியக் காவல்ல இருந்தப்போ தூங்கிட்டேம்மா. மாடு புகுந்து நெல்லைத் தின்னுடுச்சு. நான் எலி தின்னுடுச்சுன்னு சொல்லிட்டேன். வேலை போயிடுச்சு.”

“எவ்வளவு நெல்லு?”

“ரெண்டு மூட்டை.”

“எலிக்கு நல்ல பசிதான்.”

“அதையேதான் தலைவரும் சொன்னாரு. ஊர்ப் பிள்ளைங்க இன்னைக்கும் என்னை எலி மாமான்னுதான் கூப்பிடுதுங்க. அப்புறம் எவனும் வேலை தரல. இந்தச் சாவி கிடைச்சாத்தான் நான் மறுபடி மனுஷன். அந்த எலி குறுக்க நிக்குமோன்னுதான் பயமா இருக்கு.”

“எலியை விடுங்க. அது ஊருக்கே தெரிஞ்ச எலி. வேற?”

“வேற ஒண்ணுமில்ல.”

“கடன்?”

“மிளகு வியாபாரி சீராளன்கிட்ட கொஞ்சம் வாங்கியிருக்கேன். அதெல்லாம் ஒரு குறையாம்மா? தங்கமான மனுஷன். வருஷக்கணக்காச்சு, ஒரு தடவை கேட்டதில்ல. வட்டியும் வேண்டாம்னுட்டாரு. எங்க ரெண்டு பேரைத் தவிர யாருக்கும் தெரியாது.”

அம்மாவின் கை நின்றது.

“நாளைக்குச் சந்தை. நாலு பேர் முன்னாடி என் கடனைக் கேளுங்கன்னு அவர்கிட்ட சொல்லிட்டு வாங்க.”

கடன் கொடுத்தவனிடம் வலியப் போய் ‘என்னைக் கேள்’ என்று சொன்ன ஆள் எந்த ஊரிலும் கிடையாது. சடையாண்டிக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் போய்விட்டு வந்தார்.

“சிரிச்சாரும்மா. நமக்குள்ள எதுக்குங்க ஊருன்னு தோளைத் தட்டினாரு. நம்ம ஆளுங்க எப்பவாவது நேரங்கழிச்சு வருவாங்க, வாசல்ல நீங்க இருக்கப்போறீங்க, எனக்கென்ன கவலைன்னாரு…”

சொல்லும்போதே அவர் குரல் இறங்கிவிட்டது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார்.

அவருக்கென்று இருந்தது ஒரே ஒரு கறவை எருமை. மறுநாள் சந்தையில் அதை விற்றார். எல்லார் முன்னாலும் துணி முடிச்சை அவிழ்த்து, இன்னாரிடம் இவ்வளவு வாங்கினேன் என்று உரக்கச் சொல்லி, சீராளன் கையில் காசைக் கொடுத்தார். எருமை அவரைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனது.

வெயில் தாழ மடத்துக்கு வந்து உட்கார்ந்தார்.

“ஒண்ணு மட்டும் புரியலம்மா. இத்தனை வருஷத்துல அந்த மனுஷன் என்னைப் பார்த்து முகம் சுளிச்சதில்ல. இன்னைக்குக் காசு கைக்கு வந்ததும் அப்படிக் கத்துறாரு. கடனைத் திருப்பிக் கொடுத்தா யாராவது கோபப்படுவாங்களா?”

“காசு கொடுத்து ஒரு கதவு வாங்கி வெச்சிருந்தாரு. சந்தையில வெச்சு அதை நீங்க பிடுங்கிக்கிட்டீங்க. கோபம் வராதாண்ணே?”

சடையாண்டி காலியான முடிச்சுத் துணியை மடித்து இடுப்பில் செருகினார்.

“எழுந்து போய்ச் சாவியை வாங்கிக்குங்க” என்றார் உலகம்மை. “இத்தனை நாளா பாவம், தலைவரே குனிஞ்சு குனிஞ்சு கதவைத் திறந்துக்கிட்டிருக்காரு.”