மேட்டுல நிறுத்தி எடுக்கணும்

உக்காருங்க, உக்காருங்க. ஏய், ஜன்னலோரம் என்ன குசுகுசுன்னு? முடிச்சிக்க. நான் காத்திருக்கேன்.

முடிஞ்சுதா? சரி. இனிமே ஒருத்தரும் வாயத் திறக்கக் கூடாது. கதை சொல்ற நான் ஒருத்தன் பேசுறதே இந்த இடத்துக்கு அதிகம்.

தணிகாசலம்னு ஒரு கண்டக்டர். டவுன் பஸ்ல இருபத்திரண்டு வருஷம். விசில் தொலைஞ்சு போன அன்னிக்குக் கூட பஸ் ஓடுச்சு, அப்படி ஒரு தொண்டை.

"ஏறு ஏறு ஏறு. படியில நிக்காத. உள்ள போ. நடுவுல கிரிக்கெட்டே ஆடலாம், அவ்ளோ இடம் கெடக்கு, உள்ள போ."

பஸ்ல மட்டும் இல்ல. வீட்லயும் இதே பேச்சுதான்.

டிரைவருக்கு ரைட்டு சொல்லியே நாப்பத்தேழு வயசான மனுஷன், திடீர்னு கார் ஓட்டக் கத்துக்கப் போனாரு. காரணம், மக கோபிகா. பத்தாங்கிளாஸ் பரீட்சை. சென்டர பதினாலு கிலோமீட்டர் தள்ளிப் போட்டுட்டாங்க. பஸ்ஸ நம்பி அனுப்ப முடியாதுன்னுட்டாரு. பஸ்ஸப் பத்தி அவருக்குத் தெரியாதா.

கத்துக் குடுக்குறது ஜெசிந்தா மாஸ்டர். வயசு இருபத்தெட்டு. எப்பவும் கையில ஒரு பொட்டலம் வறுத்த பட்டாணி. வாய்க்குள்ள ஒண்ணு ஒண்ணாத்தான் போகும். பேச்சும் அப்படித்தான் வெளிய வரும்.

அன்னிக்குக் கடைசி கிளாஸ். மறுநாள் காலையில ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல டெஸ்ட். ரெண்டாவது தடவ.

தணிகாசலம் தனியா வரல. கோபிகாவையும் கூட்டிட்டு வந்தாரு. பின்சீட்டுக் கதவத் திறந்தாரு.

"ஏறு. உள்ள போ. நோட்டப் பிரி. பேசாம படி."

கோபிகா ஏறிச்சு. உக்காந்துச்சு. ஜன்னல் வழியா ஒரு மின்கம்பத்தப் பாத்துச்சு.

"பிள்ளைய ஏன்ணே கூட்டிட்டு வந்தீங்க?"

"வீட்ல விட்டா படிக்காது மாஸ்டர். என் கண்ணு முன்னாடியே இருக்கணும்."

ஜெசிந்தா இடது பக்கம் ஏறி உக்காந்துச்சு. தணிகாசலம் சாவியத் திருப்பல. மனசுல இருக்குறத எறக்கி வைக்காம அவருக்கு எந்த வண்டியும் கிளம்பாது.

"மாஸ்டர், நீங்களே ஒரு நியாயம் சொல்லுங்க. வீட்ல நான் பக்கத்துல உக்காந்தா ஒரு கணக்கு தப்பாது. அத்தனையும் கரெக்ட்டு. அதே கணக்கு, அதே பொண்ணு, ரிவிஷன் டெஸ்ட்டுக்கு ஹால்ல போய் உக்காந்துச்சு. எவ்ளோ தெரியுமா? முப்பத்தொண்ணு. நூத்துக்கு."

ஜெசிந்தா ஒரு பட்டாணி போட்டுச்சு.

"டி.வி. கனெக்ஷனப் பிடுங்கிட்டேன். செல்ல என் சட்டப்பையில வச்சிக்கிட்டேன். காலைல நாலரைக்கு எழுப்புறேன், டீ போட்டுத் தர்றேன். எனக்கு என் காலத்துல கணக்கே வராது. மூணு தடவ எழுதித்தான் பாஸ் ஆனேன். இவளுக்காக, இந்த வயசுல, பஸ் ஸ்டாண்டுல உக்காந்து செல்லுல பாத்துப் பாத்து நானே திரும்பப் படிச்சேன். இப்ப எனக்குக் கணக்கு வருது மாஸ்டர். வந்து என்ன பிரயோஜனம், பரீட்சை எனக்கில்லையே."

"ம்."

"நேத்து சாயங்காலம் என்ன சொல்றா தெரியுமா? 'நான் எழுதல.' ரெண்டே வார்த்த. ஒம்பது நாள்ல பரீட்சை. எழுதலையாம். ஏன்டின்னா பதில் இல்ல. அடிச்சா அழுவா, அடிக்கவும் மாட்டேன். நான் என்ன பண்ணனும், சொல்லுங்க. இன்னும் என்ன பண்ணனும்?"

"எப்படிச் சொல்லிக் குடுப்பீங்க?"

"எப்படின்னா? பக்கத்துல உக்காந்து. வரி வரியா." தணிகாசலம் காத்துல கைய வீசிக் காட்டுனாரு. "எக்ஸ அந்தப் பக்கம் கொண்டு போ. மைனஸ் போடு. ரைட்டு. கீழ எறங்கு. ஹோல்டான், ஹோல்டான். ரெண்டால வகு. ரைட், போ போ."

"அவ?"

"போடுவா. நான் அத்தன கணக்கும் போட்டு ஒரு நோட்டே வச்சிருக்கேன். மூணு கலர் பேனா. சந்தேகம்னா அதப் பாத்துக்குவா. தப்பே வராது."

ஜெசிந்தா பின்னாடி கைய நீட்டுச்சு.

"அந்த நோட்டக் குடும்மா."

கோபிகா தன் நோட்ட மடியில வச்சிக்கிட்டு, அப்பா நோட்டக் குடுத்துச்சு. ஜெசிந்தா அத வாங்கி, கொஞ்சம் எழும்பி, சீட்டுல போட்டு, அது மேல உக்காந்துக்கிச்சு.

"மாஸ்டர்!"

"சீட்டு பள்ளமா இருக்குண்ணே."

"மூணு கலர்ல எழுதுன நோட்டு அது. இப்ப அவ எதப் பாத்துப் படிப்பா?"

"வண்டிய எடுங்க."

எடுத்தாரு. நல்லாத்தான் எடுத்தாரு. ஆனா கண்ணு ரோட்டுல ஒரு தடவ, மேல கண்ணாடியில மூணு தடவ. இப்படிப் போனா வண்டி எங்க போகும்?

வண்டி தானா டக்குன்னு நின்னுச்சு. முன்னாடி ஒரு ஆடு குறுக்க போயிக்கிட்டிருந்துச்சு. அதுவும் நின்னு, தணிகாசலத்த ஏற எறங்கப் பாத்துட்டுப் போச்சு.

"கண்ணாடியில என்னண்ணே தெரியுது?" ஜெசிந்தா கேட்டுச்சு.

"கோபிகா."

"வேற?"

"வேற என்ன தெரியணும்? பேனாவே எடுக்கல பாருங்க. அரை மணி நேரமா அந்த மூடியக் கடிச்சிக்கிட்டு உக்காந்திருக்கா."

ஜெசிந்தா கைய நீட்டி கண்ணாடியத் திருப்புச்சு.

"இப்ப?"

"ரோடு. பின்னாடி ரெண்டு ஆடு."

"ம்."

எங்க ஊருல ஒரு ரயில்வே மேம்பாலம் இருக்கு. கட்டி ஏழு மாசம் ஆச்சு. திறந்து வைக்கத் தேதி கிடைக்கல. ஜனங்க ரயில்வே கேட்டுல நின்னு வெயில்ல வேகுறாங்க, பாலம் மேல ஆடு படுத்துத் தூங்குது. கேக்க ஆள் இல்ல. ஆட்டுக்கு அடுத்து அந்தப் பாலத்த அனுபவிக்கிறது எல் போர்டு வண்டிங்கதான்.

அந்தப் பாலத்துலதான் வண்டி ஏறுச்சு. பாதி ஏத்தத்துல ஜெசிந்தா சொல்லுச்சு. "நிறுத்துங்க. நிறுத்தி எடுங்க."

டெஸ்ட்ல இதுதான் கண்டம். மேட்டுல நிக்கிற வண்டி, பின்னாடி ஒரு சாண் கூட நழுவாம முன்னாடி போகணும். தணிகாசலம் கிளட்ச்ச மெதுவா விட்டாரு. வண்டி லேசா உதறுச்சு. ஆக்சிலேட்டர அமுக்கினாரு. வெண்ணெய் மாதிரி ஏறுச்சு.

"பாத்தீங்களா? இருபது நாளா ஒரு தடவ நழுவல. ஆனா போன டெஸ்ட்ல, டெஸ்ட் எடுக்குற அந்த பிரேக் இன்ஸ்பெக்டர் பக்கத்துல உக்காந்ததும், சர்ருன்னு பின்னாடி போகுது. வரிசையில நின்னவன்லாம் ஓடுறான். 'எறங்குய்யா'ங்குறாரு. இங்க ஏறுது, அங்க ஏறல. அந்தாளு மூஞ்சி வண்டிக்கே பிடிக்கல, அதான்."

"இங்க ஏத்துறது யாருண்ணே?"

"யாரு ஏத்துறது? நான்தான்."

ஜெசிந்தா வண்டிய மறுபடியும் ஏத்தத்துலயே நிறுத்த வச்சு, பட்டாணிய மென்னுக்கிட்டே குனிஞ்சு தன் காலக் காட்டுச்சு.

டிரைவிங் ஸ்கூல் வண்டியில இடது பக்கமும் ஒரு கிளட்ச்சு, ஒரு பிரேக்கு இருக்கும். ஜெசிந்தாவோட செருப்பு ரெண்டும் அதுங்க மேலயே இருந்துச்சு.

தணிகாசலம் காலப் பாத்தாரு. மாஸ்டர் மூஞ்சியப் பாத்தாரு. மறுபடியும் காலப் பாத்தாரு.

"இருபது நாளும்?"

"இருபது நாளும்."

"அப்ப நான் என்ன பண்ணிக்கிட்டிருந்தேன்?"

"ரைட்டு சொன்னீங்க."

வந்துச்சு பாருங்க கோபம். ஸ்டியரிங்க ஓங்கித் தட்டுனாரு. அது ஹார்ன்ல பட்டு வண்டியும் சேந்து கத்துச்சு.

"இது அநியாயம் மாஸ்டர். நான் ஓட்டுறேன்னு நெனச்சு ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கேன். டிப்போவுல போய் பெருமையடிச்சிருக்கேன். கூட இருக்குறேன்னு உக்காந்துக்கிட்டு, எனக்குத் தெரியாம நீங்களே எல்லாம் பண்ணிட்டு, அங்க போய் தனியா நின்னப்ப எனக்கு என்ன தெரியும்? ஒண்ணும் தெரியாது. மனுஷன் மானம் போச்சு. இப்படிப் பண்ணுவாங்களா ஒருத்தருக்கு?"

"மொத நாள் நீங்கதான் சொன்னீங்க. 'என்ன ஆனாலும் கால எடுத்துடாதீங்க மாஸ்டர்'னு."

"சொன்னேன். பயத்துல சொன்னேன். அதுக்காக இருபது நாளா?"

"உங்களுக்கு பயம். எனக்கும் பயம். வச்சிட்டேன்."

தணிகாசலம் ஸ்டியரிங்குலேருந்து கைய எடுத்தாரு.

"அப்ப எனக்கு ஓட்டத் தெரியுமா, தெரியாதா?"

"எனக்குத் தெரியலண்ணே."

சொல்லிட்டு ஜெசிந்தா செருப்பக் கழட்டுச்சு. ரெண்டு காலையும் சீட்டு மேல தூக்கி, அந்த மூணு கலர் நோட்டு மேலயே சம்மணம் போட்டு உக்காந்துச்சு. மடியில பட்டாணிப் பொட்டலம்.

"எடுங்க."

"மாஸ்டர், காலக் கீழ போடுங்க."

"எடுங்க."

"பின்னாடி ஆடு படுத்திருக்கு."

"தெரியுதுல்ல?"

மொத தடவ வண்டி ஒரு முழம் பின்னாடி போச்சு. தணிகாசலம் பிரேக்க உதைச்சாரு. அவரோட கால்தான். ஆடுங்க எழுந்து நின்னுச்சு.

"போட்டுத் தொலைங்களேன் மாஸ்டர் ஒரு கால."

ஒரு பட்டாணி.

ரெண்டாவது தடவ வண்டி குலுங்கி ஆஃப் ஆயிடுச்சு. மூணாவதும் ஆஃப். நாலாவது தடவ என்ஜின் கத்துன கத்துல ஆடுங்க பாலத்தையே காலி பண்ணிட்டுப் போயிடுச்சு. கருகுன வாட. தணிகாசலம் திட்டாத ஆள் இல்ல. வண்டி செஞ்சவன், பாலம் கட்டுனவன், பிரேக் இன்ஸ்பெக்டர், ஆடு மேய்க்கிறவன். எல்லாரையும் சட்டை நுனியால நெத்தியத் தொடச்சிக்கிட்டே திட்டுனாரு.

"இது கொடும மாஸ்டர். பக்கத்துல உக்காந்துக்கிட்டு பாத்துக்கிட்டே இருக்கீங்க. உங்களுக்குக் கஷ்டமா இல்லையா?"

"இருக்கு."

மொத தடவையா ஜெசிந்தா கொரல் கொஞ்சம் எறங்குச்சு. தணிகாசலம் திரும்பிப் பாத்தாரு. பொட்டலத்தப் புடிச்சிருந்த கை இறுகிக் கெடந்துச்சு. பட்டாணியெல்லாம் உள்ள நொறுங்கியிருக்கும்.

அவரு சாவியத் திருப்பினாரு.

ஆறாவது தடவ. ஏழாவது தடவ.

எட்டாவது தடவ கிளட்ச்ச விட விட, எங்கயோ காலுக்கு அடியில, வண்டி லேசா புடிக்கிறது தெரிஞ்சுது. இருபது நாள்ல ஒரு தடவ கூட அவரு காலுக்குத் தெரியாத ஒண்ணு. வாய் தானா முணுமுணுத்துச்சு. "ஹோல்டான். ஹோல்டான்." பிரேக்க விட்டாரு. வண்டி நழுவல. நின்ன எடத்துலயே முக்கிக்கிட்டு நின்னுச்சு.

"ரைட்டு," அப்படின்னு தனக்குத்தானே சொல்லிக்கிட்டாரு.

ஏறுச்சு. வெண்ணெய் மாதிரி எல்லாம் இல்ல. கெழட்டு மாடு மாதிரி, உதறிக்கிட்டு. ஆனா ஏறுச்சு.

உச்சிக்குப் போனதும் தணிகாசலத்துக்குத் தலகால் புரியல. பஸ்ஸே அதிர்ற அந்தக் கொரல எடுத்தாரு.

"கோபி, பாத்தியாடி? அப்பா ஏத்திட்டேன். மாஸ்டர் கால் இல்லாம."



பின்னாடி காதத் தீட்டுனாரு. சரக் சரக்னு ஒரு சத்தம். பேனா சத்தம். எப்ப ஆரம்பிச்சுதோ. நாலாவது தடவையா, அஞ்சாவது தடவையா, அவருக்குத் தெரியாது.

கை பரபரத்துச்சு. கண்ணாடிப் பக்கம் போச்சு.

"எந்தக் கணக்குடி அது? நாலாவதா? அதுல எக்ஸ அந்தப் பக்கம் கொண்டு போயிட்டு, ஹோல்டான், மைனஸ..."

"பேசாம ஓட்டுப்பா," கோபிகா சொல்லுச்சு. "கணக்கு தப்பிப் போவுது."