நாலாவது வளைவு

குருவுக்கு முப்பத்திரண்டு வயது. சீடருக்கு அறுபத்தொன்று. சிரிக்க வேண்டாம், அந்தப் பாறைக்காட்டில் அப்படித்தான்.

குருவின் பெயர் செவ்வந்தி. மழை பேருக்குப் பெய்கிற அந்தச் சீமையில், செம்பாறை மலையைப் பிளந்துகொண்டு ஓர் இடுக்கு போகிறது. இரண்டு பக்கமும் பனை உயரத்துக்குப் பாறை, காலடியில் மணல். நான்கு வளைவு தாண்டினால் ஓர் ஏரி. பிள்ளைகுட்டிகளோடு வருகிறவர்களை விடிந்ததும் ஏரிவரை நடத்திக் கூட்டிப்போய், வெயில் உச்சிக்கு வருமுன் திரும்ப அழைத்து வருவது செவ்வந்தியின் வேலை. ஆறு வருஷமாக நடக்கிறார்.

சீடர் ஏகாம்பரம், ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். குரு பிறந்த வருஷத்தில் விசில் ஊத ஆரம்பித்தவர். முப்பத்தொரு வருஷம் ஓடுகிற வண்டியில் நின்ற கால், வீட்டில் உட்கார்ந்தால் குடைகிறது. அதனால் இங்கே வந்தார். எட்டு மாதமாக முதலுதவிப் பையைச் சுமந்துகொண்டு வரிசையின் கடைசியில் நடந்தார். எந்தக் கல் வழுக்கும், எந்தப் பொந்தில் குளவி இருக்கும், எல்லாம் அத்துப்படி. ஒவ்வொரு ஞாயிறும் ஒரே கேள்வி.

"எப்பம்மா என்னை நம்பி நாலு பேரை விடுவீங்க?"

"விடும்போது விடுவேன் ஐயா."

ஒரு ஞாயிறு காலை ஒரே ஒரு குடும்பம்தான் வந்திருந்தது. செவ்வந்தி பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார்.

"இன்னைக்கு நீங்க முன்னால போங்க. நான் கடைசி. வாயைத் திறக்க மாட்டேன்."

ஏகாம்பரத்துக்குக் கை பரபரத்தது. "நான் என்ன செய்யணும்?"

"இவங்க ஏரியைப் பாக்கணும். பாத்துட்டு மனசு நிறைஞ்சு திரும்பணும். அவ்வளவுதான். அடுத்த ஞாயிறு ஆறு குடும்பம் வருது. இன்னைக்கு சரியா நடந்தா, மூணு குடும்பம் உங்களோட."

எட்டு மாதத் தவம். பழம் கைக்கெட்டும் தூரத்தில் தொங்கியது.

வந்தவர்கள் சிக்கந்தர், அவர் மனைவி ஜமீலா. சிக்கந்தரின் மார்பில் தூளிப்பையில் கைக்குழந்தை. ஜமீலாவின் தோளில் சாப்பாட்டு மூட்டை. ஆறு வயது மகள் ஷிஃபாவைத் தூக்க ஆளில்லை. அவள் தன் காலால் நடந்தே ஆகவேண்டும்.

முதல் வளைவுவரை ஷிஃபா ஓடினாள். பாறையில் கை தட்டி எதிரொலி கேட்டாள். ஓணானுக்குப் பேர் வைத்தாள். வளைவு வந்ததும் நின்றாள்.

"தாத்தா, ஏரி எங்க?"

"இதோ, அடுத்த வளைவுதான் கண்ணு."

கண்டக்டர் வாய் சும்மா இருக்குமா. டீ குடிக்கப் போன டிரைவர் அரைமணியாக வராதபோதும் "இதோ எடுத்துடுவாங்க" என்று சொல்லிப் பழகிய வாய். பின்னால் வந்த செவ்வந்தி ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல மாட்டேன் என்றுதானே பேச்சு.

இரண்டாவது வளைவு. பாறைதான் இருந்தது.

"தாத்தா, ஏரி?"

"இதோ. எட்டிப் பாத்தா தெரியும்."

எட்டிப் பார்த்தாள். தெரியவில்லை. ஆனாலும் நடந்தாள். இப்போது ஓட்டம் இல்லை. ஓணான் வந்தது, அதற்குப் பேர் வைக்கவில்லை. ஜமீலா மகளைப் பார்த்தாள், பிறகு ஏகாம்பரத்தைப் பார்த்தாள்.

மூன்றாவது வளைவு. அங்கேயும் பாறை.

ஷிஃபா ஒன்றும் கேட்கவில்லை. மணலில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"எந்திரி கண்ணு. இதோ இந்த வளைவு தாண்டினா ஏரி."

"பொய்."

"சத்தியமா."

"நீங்க மூணு தடவை சொல்லிட்டீங்க."

இந்தத் தடவை அவர் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. என்ன செய்ய? கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன மாதிரி அவர் சொல்லுக்கு இருந்த மதிப்பு மூன்று வளைவில் தேய்ந்து போயிருந்தது. மிட்டாய் எடுத்துக் காட்டினார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஜமீலா கெஞ்சினாள், மிரட்டினாள். தூளிப்பையில் குழந்தை சிணுங்க ஆரம்பித்தது. வெயில் பாறையின் பாதிவரை இறங்கிவிட்டிருந்தது.

சிக்கந்தர் மெல்லச் சொன்னார். "திரும்பிடலாங்க. ஏரி எங்க போயிடப் போகுது. புள்ள இன்னும் கொஞ்சம் வளந்தப்புறம் வர்றோம்."

ஏகாம்பரம் முன்னால் எட்டிப் பார்த்தார். ஒரே ஒரு வளைவு. எட்டு மாதம். அவர் வரிசையின் கடைசிக்குப் போனார்.

"வாயைத் திறக்க மாட்டேன்னு சொன்னீங்க. திறங்கம்மா. எனக்காக வேணாம். அந்தப் புள்ள ஏரியைப் பாக்காம போயிடும்."

செவ்வந்தி போய் ஷிஃபாவின் எதிரே மணலில் உட்கார்ந்தார்.

"கால் வலிக்குதா?"

"ம்."

"எத்தனை வரைக்கும் எண்ணுவ?"

"நூறு வரைக்கும்."

"இன்னும் ஒரு வளைவு பாக்கி இருக்கு. உன் காலால மூணு நூறு இருக்கும்னு நினைக்கிறேன். வேணும்னா எண்ணிப் பாரு. வேணாம்னா இங்கேயே சாப்பிட்டுட்டுத் திரும்பிடலாம்."

ஷிஃபா யோசித்தாள். ரொம்ப நேரம் யோசித்தாள். எழுந்து, பின்னால் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டு, "ஒண்ணு" என்றாள்.

முதல் நூறு முடிந்ததும் ஒரு விரலை மடக்கினாள். இரண்டாவது நூறுக்கு இன்னொரு விரல். வளைவு வந்தபாடில்லை. மூன்றாவது நூறும் முடிந்தது. நின்றாள். முன்னால் பாறை, பின்னால் பாறை, தலைக்கு மேல் கொஞ்சம் வானம்.

எல்லோரும் செவ்வந்தியைப் பார்த்தார்கள். ஏகாம்பரத்தின் நெஞ்சுக்குள் ஓர் அற்ப சந்தோஷம் எட்டிப் பார்த்தது. மறைப்பானேன், மனுஷன்தானே.

செவ்வந்தி குனிந்தார். "நான் தப்பாச் சொல்லிட்டேன் ஷிஃபா. மூணு நூறு இல்ல. அதுக்கு மேல இருக்கு."

"எவ்வளவு மேல?"

"தெரியல. உன் காலை நான் அளந்ததில்ல. வளைவு ஒண்ணுதான், அது மட்டும் எனக்கு நிச்சயம்."

ஷிஃபா அவர் முகத்தையே பார்த்தாள். ஏகாம்பரம் மனசுக்குள் சொல்லிக்கொண்டார். இந்தா, இப்போது உட்காரப் போகிறாள்.

"சரிக்கா, நான் எண்ணிச் சொல்றேன்" என்றாள் ஷிஃபா.

நான்கு நூறும் ஒரு பன்னிரண்டும். பாறை விலகியது. கண்ணுக்கு எட்டிய மட்டும் தண்ணீர். செம்பாறைக்கு நடுவில் அந்த நீலத்தைப் பார்த்ததும் சிக்கந்தர் "அல்லாஹ்" என்றார். தூளிப்பைக் குழந்தைகூட அழுகையை நிறுத்திவிட்டது. ஷிஃபா ஷூவைக் கழற்றி எறிந்துவிட்டுக் கணுக்கால் தண்ணீரில் இறங்கினாள். "நானூத்திப் பன்னெண்டு" என்று ஏரிக்கு ஒருமுறை, அத்தாவுக்கு ஒருமுறை, அம்மாவுக்கு ஒருமுறை சொன்னாள்.

ஜமீலா மூட்டையைப் பிரித்து எல்லோருக்கும் ரொட்டியும் அவித்த முட்டையும் கொடுத்தாள். பாறை நிழலில் காற்று சுகமாக வந்தது. எல்லோருக்கும் மனசு குளிர்ந்திருந்தது, ஒருவரைத் தவிர. ஏகாம்பரம் ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு செவ்வந்தியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஒண்ணு கேக்கணும்மா."

"கேளுங்க ஐயா."

"நான் சொன்னதும் தப்பு. நீங்க சொன்னதும் தப்பு. என் பேச்சுக்கு அவ உக்காந்தா. உங்க பேச்சுக்கு நடந்தா. இது என்ன நியாயம்?"

செவ்வந்தி முட்டையை உரித்துக்கொண்டிருந்தார். "நீங்க எதுக்கு 'இதோ இதோ'ன்னு சொன்னீங்க?"

"பச்சப் புள்ளம்மா. ஒரு ஆறுதலுக்குச் சொன்னேன்."

"யாருக்கு ஆறுதல்?"

ஏகாம்பரம் ஏரிக்கரையில் நின்ற ஷிஃபாவைப் பார்த்தார்.

வண்டி எப்போது கிளம்பும் என்று கேட்ட முகங்கள் ஞாபகம் வந்தன. இதோ என்றதும் கேட்டவர்கள் உட்கார்ந்துகொள்வார்கள். இவர் அந்தப் பக்கம் திரும்பாமல் நிம்மதியாக டிக்கெட் கிழிப்பார். எத்தனை பேரை அப்படி உட்கார வைத்திருப்பார். கையிலிருந்த ரொட்டியைப் பாறைமேல் வைத்தார். செவ்வந்தி தண்ணீர் பாட்டிலை அவர் பக்கம் நகர்த்தினார். குடித்தார்.

கிளம்பும் நேரம் ஆனது. ஷிஃபா ஈரக் காலோடு வந்து, ஷூவை மாட்டிக்கொண்டு, ஏகாம்பரத்தின் எதிரே நின்றாள். முன்னால் நடப்பவர் அவர்தானே, அவரைத்தான் கேட்கவேண்டும்.

"திரும்பிப் போக எவ்வளவு தூரம்?"

இந்தத் தடவை 'தாத்தா' இல்லை. ஏகாம்பரம் அதைக் கவனித்தார். செவ்வந்தியைப் பார்த்தார். செவ்வந்தி முட்டை ஓடுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"வந்த அதே தூரம். நாலு வளைவு. கடைசியில ஏத்தம். வெயிலும் வந்துடும்."

ஷிஃபாவின் முகம் சுருங்கியது. "கால் வலிக்குமா?"

நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கினார். விழுங்குவது அவ்வளவு லேசாக இல்லை.

"வலிக்கும். எனக்கு உன்னைவிட வலிக்கும். ரெண்டு இடத்துல உக்காந்து உக்காந்துதான் போகணும்."

ஷிஃபா கொஞ்ச நேரம் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு கல்மேல் உட்கார்ந்து, கயிறு தொங்கிய ஷூவோடு காலை அவர் பக்கம் நீட்டினாள்.

"அப்ப இறுக்கிக் கட்டிவிடுங்க தாத்தா."

ஏகாம்பரம் மண்டியிட்டு ஒரு ஷூவைக் கட்டினார். இன்னொன்றைக் கட்டினார். கண் கலங்கியிருந்ததால் முடிச்சு ஒருமுறை தவறியது. கட்டி முடித்ததும் தலையைத் தூக்கி, செவ்வந்தியிடம் மெல்லக் கேட்டார்.

"அடுத்த ஞாயிறு மூணு குடும்பம் எனக்காம்மா?"

செவ்வந்தி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வரிசையின் கடைசிக்குப் போய் நின்றார்.

"என்னை ஏன் கேக்கறீங்க ஐயா? அதான் அவ காலை நீட்டிட்டாளே."