குதிரை கேட்ட வாளி

வைரக்கண்ணு பேச ஆரம்பித்தால் எங்கள் வெள்ளக்கோடியில் நாய்கூடப் படுத்துக்கொண்டு கேட்கும். அன்று காலை அஞ்சுகத்தின் டீக்கடையிலும் அப்படித்தான்.

எங்கள் ஊர்க் காட்டில் தானாகத் திரியும் குதிரைகள் பெருகி, வெளிமானுக்குப் புல் பற்றாமல் போயிருந்தது. குதிரையை அடிக்கக் கூடாது, கயிறு போடக் கூடாது, பெட்டைகளுக்குத் துப்பாக்கியால் கருத்தடை ஊசி போட்டு மெல்லக் குறைக்கலாம் என்பது வனத்துறையின் ஏற்பாடு. கூட்டம் மிரளாமல் நிறுத்தி வைக்க ஒரு ஆள் வேண்டும். ஒரு வாரம் வைரக்கண்ணுவும் என் மச்சான் தர்மலிங்கமும் ஆளுக்கொரு பக்கம் அந்த வேலையைப் பார்த்துக் காட்டினார்கள். வேலை ஒருவருக்குத்தான். யாருக்கு என்று மாட்டாஸ்பத்திரி டாக்டரம்மா அன்று வந்து சொல்வார். கிடைக்காதவன் மறுபடி உப்பளத்துக்குப் போக வேண்டியதுதான். அங்கே வாயைத் திறந்தால் உப்புதான் உள்ளே போகும். வைரக்கண்ணுவின் பயம் அது.

"உக்காந்து குடிங்கண்ணே," என்றாள் அஞ்சுகம்.

"வேணாம் தங்கச்சி. குதிரையோட பழகிப் பழகி, இப்பல்லாம் தூங்குறதே நின்னுக்கிட்டுத்தான். நேத்து காட்டுக்குள்ள கால் வச்சேன். நாப்பது குதிரையும் நின்னுச்சு."

"குதிரை எப்பவும் நின்னுக்கிட்டுத்தானடா இருக்கும்?" என்றான் தர்மலிங்கம்.

"அது வேற. இது மரியாதை. கெழட்டுப் பொட்டைதான் கூட்டத்துக்குத் தலைவி. அத ஓரமாக் கூப்பிட்டு, 'ஆத்தா, வருசத்துக்கு ஒண்ணு போட்டா காடு தாங்குமா, மான் என்னத்தத் திங்கும்'னேன். உடனே கூட்டம் போட்டுருச்சு. கெடாக் குதிரை நாலஞ்சு மொறைச்சுதுங்க. பொம்பளைங்க அத்தனையும் கையத் தூக்கிட்டாங்க."

"குதிரைக்கு ஏதுடா கை?"

"முன்னங்கால்தான். நடுவுல பேசாம கேளு. வயசு வாரியா வரிசை. புள்ளத்தாச்சிய எல்லாம் நிழல்ல ஒதுக்கி நிறுத்திட்டேன். வெளிமானெல்லாம் தாழம்பூவோட நன்றி சொல்ல வந்துருச்சு. சேதி கடல் தாண்டிப் போயி, இலங்கையிலேருந்து மூணு பொட்டை நீந்தி வந்து வரிசையில நிக்குது. ஆதார் இல்லாம போட முடியாதுன்னு திருப்பி அனுப்பிட்டேன்."

தர்மலிங்கம் தலையில் அடித்துக்கொண்டான். எனக்கே கொஞ்சம் எரிச்சல்தான். வேலை யாருக்கு என்று தெரியப்போகிற நாளில் இவன் வாய் ஒருநாள் சும்மா இருக்கக் கூடாதா?

"கடைசியா ஊசி போட்டும் ஒண்ணும் நகரல. என்னான்னு கேட்டேன். 'குடும்பக் கட்டுப்பாடு பண்ணிக்கிட்டா பிளாஸ்டிக் வாளி தருவாங்களாமே, எங்க'ன்னுச்சு கெழவி."

"குதிரை கேட்டுச்சா?"

"பின்ன, நானா கேப்பேன்?"

அப்போது ஜீப் வந்து நின்றது. டாக்டர் நூர்ஜகான் இறங்கினார்.

"வைரக்கண்ணு, பின்னாடி வீக்கம் வடிஞ்சுதா?"

வைரக்கண்ணு டீ கிளாஸுக்குள் முகத்தை வைத்துக்கொண்டான்.

"என்ன வீக்கம்?" என்றான் தர்மலிங்கம்.

"சொல்லலையா? நேத்து சாக்கைப் போத்திக்கிட்டு, குனிஞ்சு குனிஞ்சு கூட்டத்துக்கு நடுவுல போயிட்டாரு. ஒரு குதிரைகூட விலகல. எங்க துப்பாக்கிக்காரர் பழுப்பு முதுகைப் பார்த்துக் குதிரைன்னே நினைச்சுப் போட்டுட்டாரு. ஆஸ்பத்திரியில காட்டியாச்சு. ஆம்பளைக்கு அந்த மருந்து ஒண்ணும் பண்ணாது."

கடையே சிரித்தது. தர்மலிங்கம் பெஞ்சைத் தட்டித் தட்டிச் சிரித்தான். "அப்ப வேலை எனக்குத்தானே டாக்டரம்மா?"

"இல்லப்பா, அவருக்குத்தான். ஊசி பட்டதும் இவர் ஒரு சத்தம் போட்டிருந்தா நாப்பதும் முள்ளுக்குள்ள பாஞ்சு காலை ஒடிச்சுக்கிட்டிருக்கும். கடைசிப் பெட்டைக்குப் போட்டு முடிக்கிற வரைக்கும், ஊசியோடவே ஒரு மணி நேரம் நின்னாரு. வாயே திறக்கல."

சிரிப்பு நின்றுவிட்டது. குதிரை கையைத் தூக்கியதைக்கூட நாங்கள் நம்பிவிடுவோம். வைரக்கண்ணு ஒரு மணி நேரம் வாய் திறக்கவில்லை என்பதை எப்படி நம்புவது? டாக்டரம்மா சொன்னதால் நம்பினோம். எனக்கு அவன் மேல் அன்றைக்குத்தான் மதிப்பே வந்தது.

அஞ்சுகம் உள்ளே போய், பாத்திரம் கழுவுகிற சிவப்பு வாளியைக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள்.

"உங்களுக்குச் சேர வேண்டியதுண்ணே. கெழவி கேட்டா நான் குடுத்துட்டேன்னு சொல்லுங்க."