நாலு நல்ல வார்த்தை

கூர்நோக்கு இல்லத்திலிருந்து வீடு திரும்பும் பையன்களுக்கு ஆறு மாதம் துணையாக இருப்பது சபுரா அக்காவின் வேலை. இருபது வருடமாகச் செய்கிறார். அந்த வேலையைப் பழக அவரிடம் வந்து சேர்ந்தவர் நல்லசிவன், நாற்பது வயதுத் தபால்காரர்.

நல்லசிவனிடம் ஒப்படைத்த முதல் பையன் இசக்கித்துரை. பைக் திருடி உள்ளே போனவன். திரும்பி வந்ததும் வெல்டிங் பட்டறையில் சேர்ந்தான். பத்தே நாளில் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

நல்லசிவனுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

"நாளைக்கும் வரலேன்னா வேற ஆளைப் போட்டுக்கிடுவேன்னு பட்டறைக்காரர் சொல்லிட்டாருக்கா. நான் என்ன குறை வச்சேன்?"

"என்ன செஞ்சீங்க?"

"பட்டறை, சலூன், மளிகைக் கடை, எல்லா இடத்துக்கும் நானே கூட்டிட்டுப் போனேன். 'முன்னே திருடினான், இப்போ திருந்திட்டான், தங்கமான பையன்'னு போற இடமெல்லாம் நாலு நல்ல வார்த்தை சொன்னேன்."

"வாங்க, டீ குடிப்போம்" என்றார் அக்கா.

பேருந்து நிலையத்து டீக்கடையில் நல்ல கூட்டம்.

"மாஸ்டர், இவர் நல்லசிவன். முன்னே மொடாக்குடி. ஏழு வருஷமாத் தொடுறதே இல்லை. தங்கமான மனுஷர். ரெண்டு டீ போடுங்க."

மாஸ்டர் சிரித்துக்கொண்டே கிளாஸை நீட்டினார். அதை வாங்கிய நல்லசிவனின் கை நடுங்குகிறதா என்று ஒரு கணம் உற்றுப் பார்த்தார். பெஞ்சில் இருந்தவரும் பார்த்தார்.

"விட்டதே பெரிய விஷயம் சார். கெட்டியாப் பிடிச்சுக்கிடுங்க" என்றார் பெஞ்சுக்காரர்.

நல்லசிவன் ஒரு வாயோடு கிளாஸைக் கீழே வைத்தார். மீதியைக் குடிக்காமல் தெருவுக்கு வந்துவிட்டார்.

"என்னக்கா இது? உங்களை நம்பிச் சொன்ன விஷயமில்லையா?"

"நல்லதைத்தானே சொன்னேன்?"

இசக்கித்துரையின் முகம் நல்லசிவனுக்கு நினைவுக்கு வந்தது.

"அப்போ அவனை என்னன்னு சொல்லிக் கூட்டிட்டுப் போறது? திருடவே இல்லைன்னு பொய் சொல்லவா? ஒண்ணும் விளங்கலியேக்கா."

அக்கா எதிரே இருந்த சர்பத் கடையைப் பார்த்து நடந்தார். நல்லசிவன் பின்னாலேயே ஓடினார்.

"வேண்டாம்க்கா, போயிருவோம்."

அதற்குள் கடைக்காரர் நிமிர்ந்துவிட்டார்.

"இவர் நல்லசிவன்" என்றார் சபுரா அக்கா. "இவருக்கு ஐஸ் ஆகாது."